நிலமும் பத்தியும்: வீட்டுத்திட்டங்கள் மறந்துபோகிற இரண்டு விஷயங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், பின்னுக்கு ஒரு அறை இறக்கலாம் என்று யோசிப்பவர்களும் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போனாலும் கோபமில்லை.

மன்னாரில் வீட்டுத்திட்டம் என்றால் படம் எடுப்பது சுவரையும் கூரையையும் முன் கதவையும்தான். ரிப்பன் வெட்டுவதும் அங்கேதான். ஐந்து வருடம் கழித்து அதே வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சுவர் நிற்கும், கூரையும் பெரும்பாலும் நிற்கும். கெட்டுப்போயிருப்பது இரண்டு இடம். ஒன்று, நிலம். உவர் பூத்து, பூச்சு செதில் செதிலாகக் கிளம்பி, மாரியில் வேர்த்துக்கொண்டிருக்கும். மற்றது, பிறகு இறக்கிய பத்தி பழைய வீட்டோடு சேருகிற மூட்டு. மேலிருந்து கீழ்வரை விரல் போகிற வெடிப்பு, அதன் வழியே ஒழுக்கு, ஒழுக்கின் கீழே ஒரு சட்டி. எருக்கலம்பிட்டியோ தாராபுரமோ சிலாவத்துறையோ பேசாலையோ, எல்லா இடத்திலும் இதே கதைதான். நம் வீட்டு உவருக்கும் பேசாலைச் சகோதரர் வீட்டு உவருக்கும் மத வித்தியாசம் கிடையாது.

இதை "மேசன் பாஸ் சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். என் கருத்து அதுவல்ல. பிழை வீடு கட்டத் தொடங்குவதற்கு முன்பே, திட்டத்தின் கடதாசியிலேயே இருக்கிறது.

முதலில் நிலம். நம் குடும்பங்கள் வாழ்வது நிலத்தில். சஹனில் சோற்றைப் போட்டு ஆறு பேர் சுற்றி உட்காருவது நிலத்தில். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது குப்புறப் படுத்துக்கொண்டு, நிலத்தில். உம்மாமார் வெங்காயம் உரிப்பது, குழந்தை தவழ்வது, வயதானவர் பகலில் சாய்வது, வீட்டுப் பெண்கள் தொழுவது எல்லாம் அங்கேதான். சுஜூதுக்குப் போனால் முஸல்லாவைத் தாண்டி நெற்றிக்குக் குளிர் ஏறுகிற வீடுகள் எத்தனை! கொழும்பில் கதிரையில் இருந்து வரைபடம் போடுகிறவருக்கு நிலம் என்பது கால் வைக்கிற இடம். நமக்கு அதுதான் மேசை, கட்டில், கதிரை மூன்றும். ஆனால் பணம் கொடுக்கிற ஒழுங்கில் அது கடைசி.

அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். யுத்தம் முடிந்த பிறகு வடக்கு கிழக்கில் நடந்த மிகப் பெரிய வேலை இந்திய வீட்டுத்திட்டம். 2012இல் உரிமையாளரே கட்டுகிற முறையில் தொடங்கியது. புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, திருத்த வேலைக்கு 2,50,000 ரூபா. பணம் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் ஒரு தொகை, கூரை போட்டால் ஒரு தொகை. நிலமும் பூச்சும் இறுதியில். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அல்லாஹ்வின் உதவிக்குப் பிறகு அந்தத் திட்டம்தான் கூரை தந்தது. ஆனால் கடைசியில் வருகிற பணம் எப்போதும் முன் கட்டங்களின் கடனை அடைக்கவே போகும். நிலத்துக்கு மிஞ்சுவது இரண்டு மூட்டை சீமெந்தும், கடற்கரையில் அள்ளிய மணலும்.

அதற்குப் பின் வந்தவற்றின் நிலை இன்னும் மோசம். 2018, 2019 காலத்தில் தொடங்கிய வீடுகளில் எத்தனையோ, ஆட்சி மாறிப் பணம் நின்றதும் அரைச் சுவரோடு நின்றுவிட்டன. 2022 நெருக்கடியில் சீமெந்து மூட்டையின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. நிலம் போடாமலே குடிபுகுந்தவர்களை யார் குறை சொல்வது?

சரி, நிலம் ஏன் கெடுகிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதேதான். மன்னார்த் தீவு மணல் திட்டு. நல்ல தண்ணீர் அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. மாரியில் அது முற்றத்துக்கு வெகு கிட்ட வந்துவிடும். உப்புக்குளம் என்று நம் முன்னோர் ஒரு இடத்துக்குப் பெயர் வைத்தது சும்மா இல்லை. மண்ணிலுள்ள ஈரம் நுண்துளைகள் வழியே கொங்கிரீட்டுக்குள் ஏறும், ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். மேலே வந்ததும் தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு போகாது. அது பளிங்காகி விரிந்து பூச்சை உள்ளிருந்து உடைக்கும். வெள்ளையாகப் பூப்பது இதுதான். மேலே எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மாரிக்கு மறுபடி கிளம்பும்.

கலவைக்கே கடல் மணலைப் போட்டிருந்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று. உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் சில வீட்டு நிலம் வேர்க்கிறது. லிண்டல் கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட் பிளப்பதும் அந்த உப்பின் வேலையே. அருவியாற்று மணல் விலைதான், எடுப்பதற்கு அனுமதியும் அலைச்சலும்தான். ஆனாலும் முழு வீட்டுக்கும் முடியாதவர் நிலத்துக்கும் லிண்டலுக்குமாவது ஆற்று மணலைக் கேட்டு வாங்குங்கள். குழைக்கிற தண்ணீரும் அப்படியே. வாயில் வைத்துச் சவர் தெரிகிற கிணற்றுத் தண்ணீரில் கொங்கிரீட் குழைக்க வேண்டாம்.

இப்போது எல்லோரும் செய்கிற வைத்தியம் டைல்ஸ். கெட்ட நிலத்தின் மேல் டைல்ஸ். மகளுக்குக் கலியாணம் என்றதும் முதலில் வருகிற பேச்சு அதுதான். சிலர் நுண்கடன் எடுத்தும் ஒட்டுகிறார்கள். டைல்ஸ் மேலே வருகிற ஈரத்தை நிறுத்தாது, வெளியே போகிற வழியைத்தான் அடைக்கும். ஈரம் சுவர்ப் பக்கம் ஒதுங்கி அடிச்சுவரில் ஏறும். உப்பு டைல்ஸுக்குக் கீழே கூடி ஒட்டுப்பசையைத் தின்னும். இரண்டு மூன்று மாரி போனால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும், பிறகு ஒரு நாள் நடுவில் கூடாரம்போல எழும்பும். கடன் தவணை மட்டும் எழும்பாமல் படுத்தே கிடக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 அடிக்கு 12 அடி அறை. அதற்கு 3 அங்குலக் கொங்கிரீட் என்றால் 30 கன அடி. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் ஐந்தரை மூட்டை சீமெந்து அளவில் போகும். மேற்பூச்சுக்கு இன்னும் ஒன்றோ ஒன்றரையோ. அதற்குக் கீழே தடித்த பொலித்தீன் ஒரு விரிப்பு, ஓரங்களில் ஒரு சாண் மேலே மடித்து. அந்தப் பொலித்தீன் செலவு முழு வேலையில் மிகச் சிறிய பங்கு. ஆனால் நான் பார்த்த வீடுகளில் அதுதான் இல்லை. "அதெல்லாம் தேவையில்லை சேர்" என்று சொல்லிவிடுகிறார்கள். நிரப்பு மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல் ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகத் தண்ணீர் விட்டு இடித்து, மேலே சல்லி பரப்பி, பொலித்தீன் விரித்து, கொங்கிரீட் போட்டு, ஏழு நாள் ஈரச் சாக்கு மூடி வைத்தால் அந்த நிலம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் கிடக்கும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினாலும் சரி, பழைய காலம்போல சிவப்புப் போட்டுக் கார்டினல் பூசி மினுக்கினாலும் சரி.

குளத்துக் களிமண்ணை நிரப்புகிறவர்களுக்கு ஒரு சொல்: அது பருமணலைவிட அதிக உயரத்துக்கு ஈரத்தை இழுக்கும். மலிவு என்று ட்ரக்டரில் வந்து கொட்டுவதையெல்லாம் வாங்காதீர்கள். அத்திவாரத்துக்கு மேல் சுவர் தொடங்கும் இடத்தில் போடவேண்டிய சீமெந்துப் படையும் தாரும் மறக்கக்கூடாதவை. அங்கே தார் இல்லாவிட்டால் நிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுவர் குடிக்கும்.

கறையான் தனிக் கதை. உவர் ஏறிய நிலத்தில் வெடிப்பு, வெடிப்பு வழியே கறையான், கறையானுக்கு முதல் தீனி பிள்ளையின் புத்தகப் பெட்டி. பாடசாலையில் "புத்தகம் எங்கே" என்று நாங்கள் கேட்கிற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது.

இனி பத்தி.

நம் வீடு வளருகிற வீடு. திட்டம் தருகிற 550 சதுர அடியில் இரண்டு அறை, ஒரு குசினி. மூத்த மகளுக்கு நிக்காஹ் என்றால் ஒரு அறை வேண்டும். வாப்பா படுக்கையில் விழுந்தால் ஒரு அறை. வெளிநாட்டிலிருந்து மகன் வந்தால் கடை வைக்க முன்பக்கம் ஒரு இறக்கம். இது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகமே இல்லை, எந்த வருடம் என்பதுதான் கேள்வி. அப்படியிருக்க, வரைபடத்தில் மட்டும் வீடு என்றென்றும் அதே பெட்டிதான்.

இந்த விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கர்களின் வீட்டு வண்டிகளைப் பற்றி நிறையப் பார்த்தேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெவல் டிரெய்லர். நிறுத்திய இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரோடு ஒரு அறையே வெளியே வழுக்கிக்கொண்டு வரும். சுபஹானல்லாஹ், நம் பத்தியை அவர்கள் மோட்டரில் இறக்குகிறார்கள்! வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டிக்காரர்கள் சதா கவலைப்படுவதும் இதே இரண்டு இடத்தைப் பற்றித்தான்: நிலமும், வெளியே வருகிற அறையின் மூட்டும். மூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்தால் தண்ணீர் உள்ளே ஊர்ந்து பலகை நிலத்தை ஓரத்திலிருந்து அழுகவைக்கும். வெளியில் தெரியும்போது காலம் கடந்துவிடும். அதனால் அவர்கள் ரப்பரைத் துடைத்து மருந்து பூசுகிறார்கள், அறையை உள்ளே இழுக்குமுன் அதன் கூரையிலுள்ள சருகைக் கூட்டுகிறார்கள், மணல் அடியில் மாட்டி நிலத்தைக் கீறாமல் விரிப்புப் போடுகிறார்கள். உல்லாசப் பயணத்துக்கு வருடத்தில் சில வாரம் பாவிக்கிற வண்டிக்கு இவ்வளவு. முப்பது வருடம் வாழப்போகிற வீட்டு மூட்டை நாம் ஒரு தடவை ஏறிப் பார்ப்பதில்லை.

அந்த வண்டிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2005இல் கத்ரீனா புயல் அடித்தபோது அமெரிக்க அரசு வீடிழந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை அப்படியான வண்டிகளிலும் தற்காலிக வீடுகளிலும் வைத்தது. சில மாதம் என்று சொன்னது பலருக்கு வருடக்கணக்கானது. பலகைகளிலிருந்து வெளிவந்த ஃபோர்மல்டிஹைட் வாயுவால் மக்கள் முறையிட்டார்கள். 2008இல் அரசின் சுகாதார நிறுவனமே சோதித்து, சாதாரண வீடுகளைவிட அதன் அளவு கூடுதல் என்று ஒப்புக்கொண்டது. பணக்கார நாட்டிலும் "தற்காலிகம்" என்ற சொல் இப்படித்தான் ஏமாற்றும். நமக்கு அது புதிதல்ல. 1990 ஒக்டோபர் கடைசியில் வெளியேற்றப்பட்டு, கடல் வழியே கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள், கொஞ்ச நாள்தானே என்று கிடுகுக் கொட்டில் போட்டார்கள். புத்தளத்தில் அந்தக் கொட்டில்களின் மணல் நிலத்தில் பிறந்த பிள்ளைகள் இருபது வருடம் கழித்துத் தம் பிள்ளைகளோடு முசலிக்குத் திரும்பினார்கள். தற்காலிகம் என்று சொல்லி நிலத்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பத்தி ஏன் வெடிக்கிறது என்பதற்கு வருவோம். பழைய வீட்டின் அத்திவாரம் பல வருடம் மணலில் அமர்ந்து உறங்கிவிட்டது. புது அறையின் அத்திவாரம் இனித்தான் அமர வேண்டும். பெரும்பாலும் அதன் ஆழமும் குறைவு, "சின்ன அறைதானே." புதுச் சுவரைப் பழைய சுவரோடு முட்டவைத்து, மேலே ஒரே பூச்சாகப் பூசி மறைத்துவிடுகிறோம். முதல் மாரியில் புது அறை கால் அங்குலம் இறங்கும். பூச்சு அந்த இடத்தில் கிழியும். இதற்கு இரண்டு நேர்மையான வழிதான் உண்டு. ஒன்று, அதே ஆழத்தில் அத்திவாரம் போட்டு, கல்லைப் பல்லுக்குப் பல் கோர்த்து, கம்பியால் கட்டுவது. அல்லது, சேர்க்காமலே நேர்க்கோடாக ஒரு மூட்டை விட்டு, இழுபடுகிற பசையால் அடைத்து, மேலே ஒரு பட்டி அடிப்பது. மணல் நிலத்தில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. அசையப்போகிறது என்று தெரிந்தால் அசைய இடம் கொடுப்பதே நல்லது. மேசன் பாஸ்மார் யாராவது இதில் மாற்றுக் கருத்துச் சொன்னால் கேட்கத் தயார்.

கூரை மூட்டு அதைவிட முக்கியம். பத்தித் தகரம் பழைய கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழே நுழைந்து நிற்க வேண்டும், குறைந்தது ஒரு முழம். அப்போது மேற்கூரைத் தண்ணீர் தானாகவே பத்திக் கூரையில் விழுந்து ஓடும். நாம் என்ன செய்கிறோம்? அப்படி நுழைத்தால் பத்தி தலை தட்டும் உயரத்துக்கு வந்துவிடும் என்பதால், தகரத்தைச் சுவரோடு முட்டவைத்துச் சீமெந்துக் கலவையை அப்புகிறோம். வெயிலில் தகரம் விரிந்து சுருங்கும், கலவை சுருங்காது, பிளக்கும். சோளகக் காலத்தில் மணலும் பனங்குப்பையும் அந்த மூலையில் சேர்ந்து கிடக்கும். ஐப்பசியில் மழை வந்தால் குப்பை தண்ணீரை மறித்து உள்ளே திருப்பும். 2020 டிசம்பர் புரெவி நேரத்தில் நம் பக்கத்தில் முதலில் எழும்பிப் பறந்தவை எந்தத் தகரங்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1964 புயலைக் கண்ட மூத்தவர்கள் இன்றும் பத்திக் கூரைக்குக் கயிறு போட்டுக் கட்டச் சொல்வது பயத்தால் மட்டுமல்ல.

பத்தி நிலம் பழைய நிலத்தைவிட ஓரிரு அங்குலம் தாழ்வாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் வந்தாலும் பத்தியோடு நிற்கும், வீட்டுக்குள் ஏறாது. ஆனால் முற்றத்தைவிடப் பத்தி நிலம் உயரம் என்பதையும் மறக்கக்கூடாது. முற்றத்து மட்டத்திலேயே பத்தி போட்டவர்களுக்கு மாரியில் தண்ணீரும் பாம்பும் ஒரே வாசலால் வரும். கதவு வைக்காவிட்டால் மூன்றாவதாக ஊர்க் கழுதையும் வரும். மன்னாருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சிரிப்பு, நமக்கு வழமை.

இதெல்லாம் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை. என் உண்மையான வாதம் திட்டம் போடுகிறவர்களோடு. வீடு வளரும் என்பதை முதல் நாளே ஒத்துக்கொண்டால் செலவு மிகக் குறைவு. பின்சுவரில், நாளைக்கு வாசல் உடைக்கப்போகிற இடத்தில், இன்றைக்கே ஒரு லிண்டல் வைத்துவிடுங்கள். கீழே கல்லால் அடைத்துவிட்டால் போதும், வேண்டியபோது கல்லை எடுத்தால் வாசல். இப்போது நடப்பது என்ன? லிண்டல் இல்லாத சுவரைச் சுத்தியலால் உடைத்து ஓட்டை போடுகிறோம், மேற்சுவர் பலமிழக்கிறது. சுவரை இரண்டு வரிசை உயர்த்திக் கட்டினால் பத்தி கூரைக்குக் கீழே நுழைய உயரம் கிடைக்கும். அத்திவாரத்திலிருந்து பின்பக்கம் நாலு கம்பியை நீட்டி மூடிவைத்தால், கோர்த்துக் கட்ட விரும்புகிறவர் நாளைக்கு அதில் தொடங்கலாம். மூன்றும் சேர்ந்தாலும் முன்பக்கத் தூண் அலங்காரத்தின் செலவு வராது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிலி நாட்டில் இக்கிக்கே என்ற கடலோரப் பாலைவன நகரத்தில் அலெஹாந்திரோ அரவேனா என்ற கட்டடக் கலைஞரின் குழு, இருக்கிற பணத்துக்கு முழு வீடு கட்ட முடியாது என்பதால், பாதி வீட்டை மட்டும் நன்றாகக் கட்டி, மறுபாதி எங்கே வரும் என்பதற்கு இடத்தையும் சட்டகத்தையும் விட்டுக் கொடுத்தது. 2004இல் சுமார் நூறு குடும்பங்கள் குடிபுகுந்தன, மறுபாதியை அவரவர் கட்டிக்கொண்டார்கள். 2016இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அவ்வளவு தூரம் ஏன்? பிரேமதாசவின் காலத்தில், 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத்திட்டத்தின் அடிப்படையே சிறு கடனோடு குடும்பம் தன் கையால் படிப்படியாக வீட்டை வளர்ப்பதுதான். அந்த அரசியலைப் பற்றி ஆயிரம் பேசலாம், ஆனால் வீடு ஒரே நாளில் முடிகிற பொருள் அல்ல என்பதை அன்றைய அதிகாரிகள் விளங்கியிருந்தார்கள்.

"தருகிற பணத்துக்கு இதெல்லாம் முடியாது சேர், சும்மா பேசாதீங்க" என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நான் கேட்பது கூடுதல் பணம் மட்டுமல்ல, ஒழுங்கை மாற்றுவது. நிலத்துக்கான தொகையைக் கடைசியிலிருந்து எடுத்து அத்திவாரத்தோடு சேர்த்துவிடுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்க வருகிற முதல் நாளிலேயே பொலித்தீனும் தாரும் கண்ணால் பார்த்தால்தான் அடுத்த தவணை என்று வையுங்கள். சுவர் பூசாமல் நாலு வருடம் இருக்கலாம், ஒன்றும் ஆகாது. நிலம் இல்லாமல் ஒரு மாரிகூட இருக்க முடியாது. நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கிற கிராமங்களுக்கும் இதே வேண்டுகோள். அந்தப் பலகைக் காசுக்கு ஒரு அறைக்குப் பொலித்தீன் வரும்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத் நிதியில் வீடு திருத்திக் கொடுக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். இந்த வருடம் கூரைத் தகரம் கேட்டு வருகிறவர்களின் வீட்டுக்குள் போய் நிலத்தையும் ஒரு தடவை பாருங்கள். வாயால் கேட்கமாட்டார்கள். நிலம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிற வழக்கம் நமக்கில்லை. பிரதேச செயலகத்திலோ அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலோ குரல் உள்ளவர்கள், அடுத்த திட்டத்தின் வரைபடம் வரும்போது பின்சுவர் லிண்டலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பத்தி உள்ளவர்களுக்கு அவசரமானது ஒன்று. சோளகம் அடங்கியதும், ஐப்பசி மழைக்கு முன், ஒருவர் ஏணி பிடிக்க ஒருவர் ஏறி அந்த மூட்டிலுள்ள குப்பையைக் கூட்டி எடுங்கள். பழைய கலவை பிளந்திருந்தால் சுரண்டிவிட்டு, ஒரு அடி அகலத் தகரத்தை மடித்து, ஒரு பக்கம் சுவரில் கீறிய காடியில் செருகி, மறுபக்கம் பத்தித் தகரத்தின் மேல் படியவிடுங்கள். அரை நாள் வேலை. அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதன் மேல் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள்.